நாற்பத்து மூன்றாம் குழி

"மிச்சத் தானியம் இருக்குமிடத்தில்
அதை எண்ணுகிறவன் வந்து சேர்வான்."
முதல் வகுப்பில் எழுதிக்கொண்ட வரி.
ஜன்னலுக்கு வெளியே வர்ணா துறைமுகம்,
கோதுமை ஏறிக்கொண்டிருந்தது கப்பலில்.
எண்ணுகிறவன்
மஞ்சள் தலைக்கவசம் போட்டிருந்தான்.

எங்கள் ஊர்ப் பெருமை ஆறாயிரத்து ஐந்நூறு வருடப் பழசு.
பேருந்துக்குக் காசு கடன் கேட்கும் கலோயான்கூட
"உலகத்தின் முதல் தங்கம் எங்களுடையது" என்பான்,
அவன் அத்தை பீரோவில்
வைத்துவிட்டுப் போனதைப்போல.

கண்டுபிடித்தவர் அறிஞரில்லை.
மின்கம்பி புதைக்கப் பள்ளம் வெட்டிய
இயந்திர ஓட்டுநர்.
நானாக இருந்தால் பித்தளை என்று நினைத்து
மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

அருங்காட்சியகத்தில் அவரைப் பலமுறை பார்த்துவிட்டேன்:
நாற்பத்து மூன்றாம் குழிக்காரர்.
மேலே ஒன்றரைக் கிலோ தங்கம்,
கையில் பொன் சுற்றிய பிடியோடு ஒரு கோடரி,
அதை வைத்து ஒரு விறகும் பிளந்திருக்க முடியாது.
சற்றுத் தள்ளிப் புதைந்தவருக்கு
ஒரு பானை, ஒரு கல்கத்தி.
இன்னும் சிலருக்கு அதுவும் இல்லை.
பாடப்புத்தகம் இதைப் 'படிநிலை' என்கிறது.
கீழ்ப்படியில் நின்றவர்கள்
என்ன சொல்லி அழைத்தார்களோ.

நடுவில் வேறு ஊர்களும் வந்து போயின.
நதி, வாய்க்கால், மதில், கோயில்.
மெசபடோமியாவில் கூலியாகப் பீர் அளந்ததற்கு
உள்ளங்கை அளவில் ஒரு களிமண் சிட்டை.
எழுத்து பிறந்தது கவிதைக்காக அல்ல,
பார்லி பாக்கிக்காக
என்று தெரிந்த அன்று
ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆளில்லாத குழிகளும் உண்டு இங்கே.
பொன் இருக்கும், மணி இருக்கும், எலும்பு இருக்காது.
ஒருவேளை கடலில் போனவர்கள்.
ஒருவேளை தூரத்தில் இறந்தவர்கள்.
(எங்கள் பாடத்தில் காற்புள்ளியைவிட
'ஒருவேளை' அதிகம்.)
சிலவற்றில் களிமண்ணால் முகம் செய்து
வாய் இருக்கவேண்டிய இடத்தில்
தங்கத் தகடு பதித்திருக்கிறார்கள்.

அம்மா போலோன்யாவில் இருக்கிறாள், ஆறு வருடமாக.
யாருடைய தாயையோ குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து,
மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறாள்.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு
தங்கை இவெலினா அவளுக்கும் ஒரு தட்டு வைப்பாள்.
வெற்றுக் குழிகளைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
"நான் இன்னும் சாகவில்லை, தட்டை எடுத்து வை" என்றாள்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
இணைப்பு சரியில்லை.

கோடையில் 'தங்க மணல்' கடற்கரை விடுதியில் வேலை.
(பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், வெறும் மணல்தான்.)
நாளுக்குப் பதினாறு அறை.
அகழாய்வு அங்கேதான் பழகினேன்:
மேலடுக்கில் ஈரத் துண்டு,
கீழே தர்ப்பூசணி விதை, ஒற்றைச் சாக்ஸ்,
அதற்கும் கீழே, சண்டை நடந்ததற்குச் சான்றாக
நான்காய்க் கிழிந்த படகுப் பயணச் சீட்டு.
நானூற்றுப் பன்னிரண்டில், கட்டிலுக்கடியில்,
ஒரு தோடு.
கடித்துப் பார்த்தேன். பித்தளை இல்லை.

ஜனவரித் தேர்வு. கேள்வி:
'ஆதி சமூகங்களில் ஏற்றத்தாழ்வு தோன்றியதற்கான
சான்றுகளை விளக்குக.'
விளக்கினேன். கிலோ, கிராம், கோடரி.
பிறகு பேனா தானாக வேறு பக்கம் போனது:
அந்தக் குழியை மூடிய ஆட்களுக்கு
உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்.
கல்கத்திக்காரரின் பிள்ளைகளுக்கும் இடம் தெரியும்.
பஞ்சம் வந்திருக்கும்.
நிலா இல்லாத இரவுகள் வந்திருக்கும்.
ஒருவரும் தோண்டவில்லை.
பயம், என்று எழுதி அடித்தேன்.
மரியாதை, என்று எழுதி அடித்தேன்.
மணி அடித்துவிட்டது.

ஆறுக்கு நாலரை போட்டிருந்தார்கள்.
ஓரத்தில் சிவப்பில்: 'கேள்விக்கு வெளியே.'

தோட்டைக் கேட்கிறீர்களா?
உறையில் போட்டு, அறை எண் எழுதி,
வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டேன்.
நேர்மை என்று உடனே குறித்துக்கொள்ளாதீர்கள்.
நடைக்கூடத்தில் கேமரா இருந்தது.
அது வேலை செய்யவில்லை என்பதும்
எனக்குத் தெரியும்.